ஒரு நாளைக்கு ஐந்து ரீல்ஸ் போடும் தங்கை: இது நோயா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். கோத்தகிரி பக்கம் உங்கள் குடும்பத்துக்கு இரண்டு அறை கொண்ட ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. 25 வயதுத் தங்கைதான் அதைக் கவனித்துக்கொள்கிறாள். விளம்பரம் என்று சொல்லி ஒரு நாளைக்கு நான்கைந்து ரீல்ஸ் போடுகிறாள், எதைத் திறந்தாலும் அவள் முகம்தான். போன மாதம் தேயிலைத் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைக்குப் பக்கத்தில் போய் நின்று வீடியோ எடுத்திருக்கிறாள். "சீன் போடுறா" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். இது நார்சிசிஸம், அதாவது தன் மேலேயே மோகம் கொள்ளும் நோய்தானே, போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: இரண்டு வருடத்துக்கு முன்னால் நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதிலிருந்துதான் இப்படி. நீங்கள் பெயர் கேட்டது ஒரு நோய்க்கு. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது, அவள் இதைப் பிழைப்புக்காகச் செய்கிறாளா, மனசுக்குள் ஏதோ வலித்துச் செய்கிறாளா, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் குன்னூரில் 19 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். படித்தது மனநலச் சமூகப்பணி. டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன். உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்திருப்பது கோபத்தில் இருக்கிற ஒரு அண்ணன் எழுதிய பத்து வரி. அதை வைத்து அவளுக்கு இதுதான் என்று யாராவது சொன்னால், எத்தனை பட்டம் வாங்கியவராக இருந்தாலும் நம்பாதீர்கள். கீழே நான் சொல்லும் ஆட்கள் யாரும் ஒரே ஆள் இல்லை, பலரைக் கலந்து, ஊரையும் தொழிலையும் மாற்றி எழுதியிருக்கிறேன். சின்ன மலை இது, ஒரு அடையாளம் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நார்சிசிஸம் என்ற வார்த்தையை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். டாக்டர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநலக் கையேட்டில் அந்தப் பெயரில் ஒரு ஆளுமைக் கோளாறு இருக்கிறது, உண்மைதான். அதற்கு 9 அடையாளங்கள், குறைந்தது 5 இருக்கவேண்டும். அடுத்தவர் வலி தெரியாமல் இருப்பது, ஆட்களைப் பயன்படுத்திவிட்டுத் தள்ளிவிடுவது, எனக்கு எல்லாம் கிடைத்தே ஆகவேண்டும் என்ற எண்ணம், இப்படி. இளமைப் பருவத்திலேயே வேர்விட்டு வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. கவனம் தேடுவதையே மையமாகக் கொண்ட இன்னொரு ஆளுமைக் கோளாறும் உண்டு, அதற்கும் இதே நிபந்தனைதான். முன்பு அமைதியாக இருந்தவள், 23 வயதில், ஒரு சம்பவத்துக்குப் பிறகு மாறினாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தொடங்கிய ஒன்று இந்த வரையறைக்குள் எளிதில் உட்காராது. நிறைய போட்டோ போடுவது 9-ல் ஒன்றுகூட இல்லை. என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த வார்த்தையோடுதான் வருகிறார்கள், மாமியாருக்கு, கணவனுக்கு, மேலதிகாரிக்கு. அதை ஒருவர் மேல் ஒட்டியவுடன் எதிராளியைப் புரிந்துகொள்ளவேண்டிய வேலை நமக்கு முடிந்துபோகிறது, அதுதான் அந்த வார்த்தையின் வசதி.

இதை ஏதோ செல்போன் கொண்டுவந்த புதுப் பழக்கம் மாதிரிப் பேசுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதி மைக்கில் வாசிப்பது எதற்கு? கோயில் ட்யூப் லைட்டில் உபயம் இன்னார் என்று எழுதியெழுதி வெளிச்சமே வராமல் போனதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மகள் வயதுக்கு வந்ததற்குச் சாலை ஓரம் ஃப்ளெக்ஸ் வைத்த ஊர் நமது. என் அப்பா ஊட்டி ஏரிப் பக்கம் கேமராவோடு நிற்பார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைக் குதிரை மேல் உட்கார வைத்து ஒரு படம், பணம் வாங்கிக்கொண்டு முகவரி எழுதிக்கொள்வார், படம் கழுவித் தபாலில் போகும். கீழே சாதாரணமாக நின்ற ஆளுக்கும் குதிரை மேல் ஏறியதும் முகமே மாறிவிடும், குதிரைக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள், சொந்தக் குதிரை மாதிரித் தெரியவேண்டும் என்று. அப்பா சிரிக்கவே மாட்டார், அதுதான் தன் பிழைப்பு என்பார். என்ன வித்தியாசம் என்றால், அந்தப் படம் ஊருக்குப் போய் ஒரு ஆல்பத்துக்குள் உட்காரும், வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடிக்கும்போது பார்ப்பார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பார்த்தும் பேசாமல் போனார்கள் என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை. அதோடு, காட்டிக்கொள்வதற்கு நம்மிடம் ஒரு பிரேக் இருந்தது, திருஷ்டி. கண் பட்டுவிடும் என்று குழந்தைக்குக் கன்னத்தில் மை வைத்த பாட்டிகள், வீடு கட்டினால் பூசணிக்காய் கட்டியவர்கள், சந்தோஷத்தைக் கொஞ்சம் மறைத்தே வைக்கவேண்டும் என்று நினைத்தார்கள். கண் பட்டால் ஏதாவது ஆகுமா என்பது வேறு பேச்சு. ஆனால் காட்டுவதற்கு ஒரு அளவு உண்டு என்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருந்தது, இப்போது கண் பட்டால்தான் காசு.

புதுசு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த எண்ணிக்கைதான். ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009 பிப்ரவரியில். அதற்கு முன்னால் பாராட்டு என்பது பேச்சாக, பார்வையாக இருந்தது; அது ஒரு எண்ணாக மாறியது. அந்த எண் ஒழுங்காக வருவதும் இல்லை. இன்று 40, நாளை 4,000, மறுநாள் 31. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த பழைய ஆய்வுகளிலேயே இது தெளிவாகத் தெரிந்துவிட்டது: ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்தால், தானியத்தை நிறுத்தியதும் புறா சீக்கிரம் விட்டுவிடும், எப்போது விழும் என்று தெரியாமல் எப்போதாவது விழுந்தால் விடாது, கொத்திக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் காளான் தேடிப் போனவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நாலு நாள் ஒன்றும் கிடைக்காமல் ஐந்தாம் நாள் ஒரு கூடை கிடைத்தால், அடுத்த இரண்டு வாரம் விடியலில் கால் தானாகவே அந்தப் பக்கம் போகும். ஆக, உங்கள் தங்கை ஐந்து போடுகிறாள் என்பதில் அவள் குணம் கொஞ்சம், அந்த இயந்திரம் கட்டப்பட்ட விதம் கொஞ்சம். எது எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வாரம் ஒரு பையனை அவன் அம்மா கூட்டிவந்தார். எஸ்டேட் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன், ஒரு தையல் கடையில் வேலை, ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்கள். ராத்திரி தூங்கும்போது ஊருக்கே தெரிந்த ஆள், காலையில் யாரும் இல்லை. அம்மாவுக்கு அது ஒரு விளையாட்டு நின்றுபோன மாதிரிதான் பட்டது. அவன் துக்கம் காத்துக்கொண்டிருந்தான், அதற்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. அவனிடம் பேசப்பேசத்தான் புரிந்தது, அவன் வாழ்க்கையில் அவனைப் பெயர் சொல்லி, மரியாதையாக, "ப்ரோ சூப்பர்" என்று கூப்பிட்ட முதல் கூட்டம் அதுதான். கடையில் அவன் வெறும் "டேய்". ரீல்ஸ் ஒரு மாதத்துக்குள் வந்தது, அவன் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினான். கவனத்துக்கு ஏங்குகிறான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஏக்கம் எந்தப் பசியிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் நன்னூல் என்ற பழைய இலக்கண நூலை இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயா அதன் முன்னுரையான பொதுப்பாயிரத்தை அடித்துச் சொல்லிக்கொடுத்தவர், அது இப்படி எதிர்பாராத இடத்தில் எனக்கு உதவுகிறது. பவணந்தி முனிவர் முதலில், எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறார். அடுத்த சூத்திரத்திலேயே நாலு இடத்தில் மட்டும் தகும் என்று விலக்குக் கொடுக்கிறார். அரசன் அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. சுமார் 800 வருடத்துக்கு முன்னால் புலவர்களுக்காக எழுதியது. ஆனால் நான் இத்தனை வருடத்தில் பார்த்த வரைக்கும், தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் எது நியாயம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வகைப்பாடு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கவில்லை. முதலாவது வேலைக்கு விண்ணப்பம். இரண்டாவது விளம்பரம். மூன்றாவது தேர்தல் மேடை, நேர்காணல். நாலாவது, காயப்பட்டவனின் பதில்.

உங்கள் தங்கை செய்வதில் இரண்டாவது இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு அறை வைத்திருக்கிறவர்களுக்குப் பேருந்து நிலையத்தில் போர்டு வைக்க வசதி கிடையாது. அதிலும் இப்போது மலையேற இ-பாஸ் வேண்டும், 2024 மே 7-லிருந்து. 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் கட்டுப்பாடே போட்டது. இப்படிப்பட்ட காலத்தில் வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே போனில் பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். "அவள் முகம் எதற்கு, வீட்டைக் காட்டினால் போதாதா" என்று நீங்கள் கேட்கலாம். வீடு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, பனி, ஜன்னல், டீ கப். ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தைகளோடு வந்து இறங்கப்போகிற ஒரு அம்மாவுக்கு, கதவைத் திறக்கப்போவது யார் என்று தெரிவதுதான் நம்பிக்கை. கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் குடும்பத்தில் பைக்கில் சாய்ந்து நின்று தினம் ஸ்டேட்டஸ் போடும் அண்ணன் தம்பி யாரும் இல்லையா? அவனையும் சீன் போடுகிறான் என்று சொந்தக்காரர்கள் உங்களிடம் வந்து சொன்னார்களா? பெண் செய்தால் ஆட்டம், ஆண் செய்தால் கெத்து என்கிற கணக்கு என் அறையில் தினம் வந்து உட்காருகிறது.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? இது என் அனுபவத்தில் வந்தது, ஆய்வில் நிரூபித்தது இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் எத்தனை பதிவு என்று எண்ணுவதில்லை, கேட்டது கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன். வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ஒரு பெண்மணி, உங்கள் தங்கையைவிட அதிகமாகவே போடுவார், பாட்டுக்கு வாயசைப்பார், மாமனார் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் தீபாவளி ஆர்டர் நிரம்பியதும் போன் சமையலறை அலமாரிக்கு மேல் போய்விடும், பத்து நாள் சத்தமே இருக்காது. அவருக்கு அது உளி, சுத்தியல் மாதிரி ஒரு சாமான். இன்னொரு இளைஞர், வாடகைக் கார் ஓட்டுகிறவர், ஒரு வீடியோ லட்சத்தைத் தொட்டது. அன்று ராத்திரிதான் அவர் தூக்கம் கெட்டது. லட்சம் வந்ததும் அடுத்தது ஏன் எண்ணூறில் நிற்கிறது என்ற கவலை, யார் பார்த்தும் லைக் போடவில்லை என்று பட்டியல் எடுத்து நண்பர்களோடு சண்டை. கிடைத்ததும் அடங்குவது தேவை. கிடைக்கக் கிடைக்கக் கூடுவது வேறு. அப்புறம், போடுவதற்கும் வாழ்வதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். எல்லாரும் கொஞ்சம் பூசித்தான் காட்டுகிறோம், அது பரவாயில்லை. ஆனால் அழுது முடித்துவிட்டு முகம் கழுவி, சிரித்து ஒரு ரீல், மறுபடி வந்து அழுகை என்று இருந்தால் அது கவனிக்கவேண்டியது. போடாத நாளில் அவள் எப்படி இருக்கிறாள்? நெட்வொர்க் போய்விட்ட நாளில்? நம் மலையில் மழைக்காலத்தில் அதற்கு நிறையச் சந்தர்ப்பம் கிடைக்கும், பாருங்கள். உங்கள் கேள்வியில் இது எதுவும் இல்லை. அறை நிரம்பியிருக்கும் வாரத்திலும் ஐந்துதானா என்று நீங்கள் சொல்லவே இல்லை.

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன், என் மனசு அங்கேதான் நின்றது. நிச்சயம் நின்றுபோன வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதைவிட, ஊர் என்ன காரணம் கண்டுபிடித்தது என்பதுதான் பெண்ணின் மேல் விழும். அதற்கு அவள் பதில் சொல்ல ஒரு சபை கிடையாது. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது, அவள் நல்லதுக்குத்தான் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அப்படியிருக்க, தினமும் ஐந்து முறை நான் நன்றாக இருக்கிறேன், சிரிக்கிறேன், என்னைப் பிடித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் உலகத்துக்குச் சொல்கிறாள் என்றால், அது நன்னூலின் நாலாவது இடமாக இருக்கலாம், பழித்தவர்களுக்குச் சொல்லும் பதில். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஹோம்ஸ்டேயும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் அவள் கைக்கு வந்திருந்தால், எது காரணம் என்பது தேதியை வைத்துத் தெரியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், காலையில் போடும் டீ வீடியோ பிழைப்புக்கு, ராத்திரி பதினொன்றுக்குப் போடுவது வேறு எதற்கோ.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். நன்றாக நிற்கிற சிலவற்றைச் சொல்கிறேன். தன்னைப் பற்றிச் சொல்வதே மூளைக்கு இனிக்கிறது. ஹார்வர்டில் 2012-ல் வந்த ஓர் ஆய்வில், தங்களைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் கிடைக்கவேண்டிய காசில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அடுத்தது, தன் வெற்றியைச் சொல்லிக்கொள்கிறவர்கள் கேட்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று உண்மையைவிட அதிகமாக நினைக்கிறார்கள், எரிச்சலாக இருக்கும் என்பதைக் குறைத்து நினைக்கிறார்கள். இது 2015-ல் வந்தது. அதாவது உங்கள் தங்கைக்கு நீங்கள் எரிச்சலாகிறீர்கள் என்பது உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம், வேண்டுமென்றே உங்களைச் சீண்டவில்லை. மூன்றாவது உங்களுக்கானது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு டி-ஷர்ட்டைப் போட்டு ஒரு அறைக்குள் அனுப்பினார்கள், 2000-ல் வெளியான ஆய்வு. போட்டுக்கொண்டவர்கள் அறையில் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிதான். தம்பி, "ஊரே பேசுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தீர்களா? ஒரு அத்தை, ஒரு சித்தப்பா மகன், அவ்வளவாகத்தான் இருக்கும்.

இன்னும் தீராத சண்டையும் இருக்கிறது. சமூக ஊடகம் இளைஞர்களின் மனநலத்தைக் கெடுக்கிறதா என்பதில் ஆய்வாளர்களே இரண்டு கட்சி. 2019-ல் பிரிட்டன், அமெரிக்காவின் பெரிய கணக்கெடுப்புகளை வைத்து, மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளம்பிள்ளைகளின் தகவலை ஆராய்ந்து, ஆளுக்கு ஆள் மனநலத்தில் இருக்கும் வித்தியாசத்தில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பழக்கத்தால் விளக்க முடியும் என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கு இருக்கும் தொடர்பும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்று அதே கட்டுரையில் ஒப்பிட்டும் காட்டினார்கள். ஊட்டிக் கிழங்கு தின்று வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு அடக்க முடியவில்லை. எதிர்க்கட்சி சொல்வது, எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அப்படித்தான் வரும், சமூக ஊடகத்தை மட்டும், பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பாதிப்புக் கூடுதலாகத் தெரிகிறது என்று. அதிலும்கூட, போனால் மனசு கெட்டதா, மனசு கெட்டவர்கள் போனை எடுத்தார்களா என்ற கேள்வி பாதியில்தான் நிற்கிறது. நான் எந்தக் கட்சி என்றால், எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பொறுத்து. சராசரி மனிதர் யாரும் என் அறைக்கு இதுவரை வந்ததில்லை.

போனைப் பிடுங்குவது பற்றி. செய்யாதீர்கள். இதை நான் ஒரு தப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், ஒரு அப்பா இதே கேள்வியைக் கேட்டார், ஒரு மாதம் வாங்கி வையுங்கள் என்று பெரிய ஞானி மாதிரிச் சொல்லி அனுப்பினேன். பையன் மறுநாளே வீட்டைவிட்டுக் கிளம்பி, இரண்டு நாள் கழித்து மேட்டுப்பாளையத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் கிடைத்தான். அந்த இரண்டு நாள் அந்த அம்மா இருந்த நிலையை நான் மறக்கவில்லை. அவனுக்கு 16, உங்கள் தங்கைக்கு 25. அவள் பெயரில், அவள் உழைப்பில் சேர்த்த ஒரு கணக்கு, அதில் குடும்பத்து வருமானமும் இருக்கிறது. அதைப் பிடுங்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது ஒரு பக்கம். கல்யாணம் நின்றதில் அவள் மேல் ஏற்கெனவே ஒரு முடிவு அவளைக் கேட்காமல் எடுக்கப்பட்டிருக்கிறது, இது இரண்டாவதாகும்.

அதற்குப் பதிலாக, ஹோம்ஸ்டேக்குத் தனிக் கணக்கு ஒன்று, அவளுக்குத் தனிக் கணக்கு ஒன்று என்று பிரிக்கலாமா என்று கேளுங்கள். கேளுங்கள் என்கிறேன், சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. தொழில் கணக்கில் எந்த வீடியோவால் எந்த புக்கிங் வந்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள், மூன்று மாதத்தில் ஐந்தில் எது வேலை செய்கிறது, எது சும்மா என்று அவளுக்கே தெரிந்துவிடும். இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கும் வசதி 2021-லிருந்து எல்லாருக்கும் இருக்கிறது, தன் சொந்தக் கணக்கில் ஒரு வாரம் மறைத்துப் பார்க்கச் சொல்லலாம். சிலருக்குப் பெரிய நிம்மதி, சிலர் மறுநாளே திறந்துவிடுகிறார்கள், எப்படியானாலும் அதிலிருந்து அவளுக்கு ஏதோ ஒன்று தெரியும். நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி நீங்களாகத் தோண்டவேண்டாம். ஆனால் அவள் எடுத்தால் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள், "விடு, அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் போடும் வீடியோவில் நிஜமாகவே நன்றாக இருப்பதை நேரில் ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்களேன். வீட்டில் இருந்து வந்த ஒரு வார்த்தை எத்தனை லைக்குக்குச் சமம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் வராத வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எப்போது ஒரு மனநல மருத்துவரிடம் போகவேண்டும் என்றால், நாட்கணக்கில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கி, அப்படியும் களைப்பில்லாமல், வேகவேகமாகப் பேசி, கையில் இருப்பதையெல்லாம் செலவழித்து, பதிவுகளும் திடீரென்று பல மடங்கு ஆனால் போகவேண்டும். அது காட்டிக்கொள்ளும் ஆசை இல்லை, மனம் தலைதெறிக்க ஓடும் ஒரு நிலை, அதற்கு மருந்து உண்டு. அல்லது சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே. டெலி-மானஸ் என்று அரசின் இலவச உதவி எண் இருக்கிறது, 14416, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். உங்கள் வரிகளில் இந்த இரண்டும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு நிதானமாக இருக்கமாட்டேன், அந்தக் காட்டெருமை. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது நானும் கொடைக்கானல் போயிருந்தேன். பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூத்த சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தனை பேரும் வரிசையாக நின்றோம், நானும்தான், படத்தில் நம் முகம் வரவேண்டும் என்றால் அப்படித்தான் நிற்கவேண்டும். பூவுக்கு முதுகைக் காட்டினால் ஒன்றும் ஆகாது. காட்டெருமைக்குக் காட்டக்கூடாது. 2011 அக்டோபரிலிருந்து 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கப்போய் இறந்தவர்கள் என்று உலகம் முழுக்கச் செய்திகளில் வந்ததைத் தொகுத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது, 259 பேர், அதில் இந்தியாவில்தான் அதிகம். அவர்கள் யாரும் சாகப்போகிறோம் என்று நினைத்துப் போகவில்லை. நம் தோட்டங்களில் அது தினமும் நிற்பதால் மாடு மாதிரி ஆகிவிட்டது நமக்கு. வளர்ந்த ஆண் ஒரு டன் எடையைத் தொடும், அமைதியாக மேய்ந்துகொண்டே இருந்து சட்டென்று திரும்பும், பனி இறங்கிய நேரத்தில் அதற்கும் நம்மைச் சரியாகத் தெரியாது, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஓட வழியும் கிடையாது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டில் தங்க வருகிற குழந்தைகளும் அதையே செய்து பார்ப்பார்கள், இதை அவளிடம் சொல்லுங்கள், பொறுப்பாக நடத்துகிறவளுக்கு அது உடனே உறைக்கும். மற்ற பேச்சையெல்லாம் மெதுவாக, அவள் மனசறிந்து வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் இன்று சாயங்காலத்துக்குள் பேசிவிடுங்கள், அந்த வீடியோவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.